ஆமணக்குப் பிண்ணாக்கு: மண்ணுக்கு உரம், மாட்டுக்கு நஞ்சு

எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் ஆமணக்குப் பிண்ணாக்கு தழைச்சத்து மிகுந்த நல்ல உரம். ஆனால் அதைத் தின்னும் கால்நடைகள் இறக்க நேரிடலாம். விதையிலுள்ள ரைசின் என்னும் நச்சுப் புரதமே காரணம். இது எண்ணெயில் கரையாது, பிண்ணாக்கிலேயே தங்கிவிடும்.

ரைசினின் வடிவத்தை 1987-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் கண்டறிந்தனர். ரைசின் படிகத்தில் எக்ஸ்ரே கதிர்களைச் செலுத்திப் பார்த்ததில், அது இரண்டு சங்கிலிகளால் ஆனது என்பது தெளிவாகத் தெரிந்தது. ஒரு சங்கிலி உயிரணுவின் மேற்புறமுள்ள சர்க்கரைப் பொருளைப் பற்றிக்கொள்ளும். மற்றொன்று உள்ளே சென்று, உடலுக்கு வேண்டிய புரதத்தைத் தயாரிக்கும் ரைபோசோம்களைப் பாழாக்கும். இச்சங்கிலியிலுள்ள ஒரு பள்ளமே அவ்வேலை நடக்கும் இடம். ஒரே மூலக்கூறு நிமிடத்திற்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரைபோசோம்களைக் கெடுக்கவல்லது. அதனால்தான் சிறிதளவும் ஆபத்தாகிறது.

நல்ல சூட்டில் இந்தப் புரதத்தின் மடிப்புகள் குலைந்து நஞ்சு முறியும். ஆனால் சூடேற்றாமல் ஆட்டிய பிண்ணாக்கில் நஞ்சு அப்படியே இருக்கும். வீட்டில் வேகவைத்தால் நஞ்சு முழுதும் போய்விட்டதா என்று கண்ணால் அறிய முடியாது. எனவே எவ்வகையிலும் தீவனமாகக் கொடுக்கக் கூடாது.

விவசாயிகள் இப்பிண்ணாக்கைக் கடலை, எள்ளுப் பிண்ணாக்குகளோடு சேர்த்து வைக்கக் கூடாது. வயலில் இட்டவுடன் மண்ணோடு கலந்துவிட வேண்டும். மேலே கிடந்தால் நாய், ஆடுகள் தின்றுவிடும். தூவும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்வது நல்லது.

பிண்ணாக்கைத் தின்ற மாட்டுக்குச் சில மணி நேரம் கழித்தே கழிச்சல் காணும். முறிவு மருந்து கிடையாது. எனவே கழிச்சல் காணும்வரை காத்திராமல், தின்றது தெரிந்தவுடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.