காடும் மழையும்: கொல்கத்தாவில் போட்ட கணக்கு

காடு அழிந்தால் மழை குறையுமா என்ற கேள்விக்கு மழைமானிக் கணக்கைக் கொண்டு விடை தேடிய முக்கியமான முயற்சிகளில் ஒன்று கொல்கத்தாவில் நடந்தது. 1864 அக்டோபரில் அந்நகரைச் சூறையாடிய புயலும் பின்னர் பொய்த்த பருவமழையும் சேர்ந்து, 1875-இல் இந்திய வானிலைத் துறை உருவாகக் காரணமாயின. அப்போது அதன் தலைமையகம் கொல்கத்தாவில் இருந்தது. பொறுப்பேற்றவர் ஹென்றி பிளான்ஃபோர்டு.

மத்திய மாகாணங்களில் காட்டை எரித்துப் பயிரிடும் வழக்கம் தடுக்கப்பட்டு, மரங்கள் மீண்டும் தழைத்த பகுதியை அவர் எடுத்துக்கொண்டார். தடைக்கு முந்தைய, அதாவது 1875-க்கு முந்தைய மழையையும் அடுத்த பத்தாண்டுகளின் மழையையும் நிலையம் நிலையமாக ஒப்பிட்டார். பெரும்பாலான இடங்களில் மழை கூடியிருந்தது. 1887-இல் வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் அவர் இதை வெளியிட்டார். ஆனால் நல்ல ஆண்டுகளும் வறண்ட ஆண்டுகளும் கொத்துக் கொத்தாக வரும் பருவமழையில் பத்தாண்டு என்பது மிகக் குறுகிய காலம். துறையின் பிற்காலத் தலைவர் கில்பர்ட் வாக்கர் 1910-இல் நீண்டகாலப் பதிவுகளை ஆராய்ந்து, இந்தியத் தட்பவெப்பம் நிலையாக மாறிவிட்டதற்குச் சான்றில்லை என்றார். கேள்வி அதன்பின்னும் தீரவில்லை.

மழைமானியால் மட்டும் தீர்க்கக்கூடிய வழக்கல்ல இது. மரம் என்ன செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். சோட்டா நாக்பூர் மேட்டுநிலத்துச் சால மரம் பங்குனி வாக்கில் இலையுதிர்த்து, உடனே தளிர்விடுகிறது. மேல்மண் காய்ந்து வெடித்துக் கிடக்கும் கோடையில், ஆழத்தில் எஞ்சிய ஈரத்தை வேர் உறிஞ்ச, புதிய இலைகள் அதை ஆவியாக வெளிவிடுகின்றன. புல்லுக்கும் நெல்லுக்கும் அவ்வளவு ஆழத்தில் வேரில்லை. அந்த ஆவியாதல் காற்றைக் குளிர்விக்கிறது; ஆவி காற்றை ஈரமாக்குகிறது; மேலெழுந்தால் மேகமாகிறது. பிரேசில் அறிஞர் எனியாஸ் சலாட்டியும் உடனாய்வாளர்களும் 1979-இல் மழைநீரின் ஆக்சிஜன் ஐசோடோப்புகளை அளந்து, அமேசான் படுகையின் மழையில் ஏறக்குறையப் பாதி, அங்கேயே ஆவியாகித் திரும்பப் பொழிவது என்று காட்டினார்கள்.

கங்கைச் சமவெளியிலும் இந்தச் சுழற்சி உண்டு. வங்கக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று வங்காளத்தில் நுழைந்து, இமயத்தில் மோதித் திரும்பி, பீகார், உத்தரப் பிரதேசம் வழியாக மேற்கே போகிறது. கொல்கத்தா கடலுக்கு அருகில் இருப்பதால் அதற்கு நேரடி ஈரம் தாராளம். உள்ளே போகப் போக, வழியில் பெய்து, ஆவியாகி, மறுபடி பெய்யும் நீரின் பங்கு முக்கியமாகிறது. மண் நனைந்து இலை அடர்ந்திருக்கும் பருவத்தின் பிற்பகுதியில் இந்தப் பங்கு மிகுதி. மும்பை ஐ.ஐ.டி. ஆய்வாளர்களும் உடனாய்வாளர்களும் 2016-இல் வெளியிட்ட ஆய்வு, மரங்கள் நிறைந்த நிலம் வயலாக மாறியதால் ஆவியாதல் குறைந்து, கங்கைப் படுகையிலும் வடகிழக்கிலும் கோடைப் பருவமழை நலிந்ததாகக் கணினி மாதிரியில் கண்டது. அதாவது, கிழக்கே வெட்டிய மரத்தின் இழப்பை மேற்கே உள்ள உழவர் அனுபவிக்க நேரிடுகிறது. இந்த அநீதி மாநிலக் கணக்கு எதிலும் ஏறுவதில்லை.

தொலைதூரக் காடுகளுக்கும் இதில் பங்குண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தினர் 2015-இல் செய்த மாதிரி ஆய்வில், புவியின் வடபகுதிக் காடுகள் பெருமளவில் அழிந்தால் வெப்பமண்டல மழைப்பட்டை தெற்கே நகர்ந்து, இந்திய மழை 18 விழுக்காடு வரை குறையக்கூடும் என்று தெரிந்தது.

கொல்கத்தாவுக்கு நேரடி அடி விழுவது மழையளவில் அல்ல, பெய்த நீர் வந்து சேரும் விதத்தில். தாமோதர் ஆறு சோட்டா நாக்பூரில் பிறந்து, நகருக்குக் கீழே ஹூக்ளியில் கலக்கிறது. தலைப்பகுதிச் சரிவுகளில் காடு போனதும் மழை மண்ணில் இறங்காமல் ஓடியது. ஓடும்போது மண்ணையும் அள்ளியது. 1943 வெள்ளத்தில் கரை உடைந்து ரயில் பாதை துண்டிக்கப்பட, போர்க்காலக் கொல்கத்தா வட இந்தியாவிலிருந்து பிரிந்து நின்றது. இயற்பியலாளர் மேகநாத் சாகா இடம்பெற்ற விசாரணைக் குழுவின் பரிந்துரைகளைத் தொடர்ந்து, 1948-இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் அமைந்தது. மைத்தான் அணை 1957-லும் பாஞ்செட் 1959-லும் திறக்கப்பட்டன. இரண்டின் கொள்ளளவையும் வண்டல் தின்றுவருகிறது. பெருவெள்ளத்தை எந்தக் காடும் முழுதாகத் தடுக்காது என்பது உண்மை. வண்டலைக் குறைக்கும் வேலையை மரம் மூடிய சரிவுபோல எந்த அணையும் செய்யாது என்பதும் உண்மை.

அழிந்த காட்டை மீட்கவும் முடியும்: மேதினிப்பூர் மாவட்டம் அராபாரியில் 1972-இல் வன அதிகாரி அஜித் குமார் பானர்ஜி, சிதைந்த சாலக் காட்டைக் காக்கும் பொறுப்பைச் சுற்றுக் கிராமத்தினரிடம் ஒப்படைத்தார். விளைச்சல் வருவாயில் கால் பங்கு அவர்களுக்கு என்றார். வெட்டுவது நின்றதும் பழைய அடிக்கட்டைகளே துளிர்த்துக் காடாகின. 1989-இல் மேற்கு வங்க அரசு இந்த முறையை மாநிலத்தின் தென்மேற்கு மாவட்டங்களுக்கு விரித்தது.