சீகிரியா: குன்றின் அடியில் ஒரு மாநகர்

சீகிரியா என்றதும் நம் மனக்கண்முன் எழுவன இரண்டு. ஒன்று, சமவெளியினின்றும் செங்குத்தாக உயர்ந்து நிற்கும் பெருங்குன்று. மற்றொன்று, அக்குன்றின் குடைவிலே மலரேந்தி நிற்கும் ஓவிய மகளிர். மாத்தளை மாவட்டத்துக்குச் செல்வோருட் பலர் இவ்விரண்டையுங் கண்டு, களைத்து இறங்கி, வீடு திரும்பிவிடுகின்றனர். தாம் மிதித்துச் சென்ற தரையே ஒரு மாநகர் என்பதை அவர்களுட் சிலரே எண்ணிப் பார்க்கின்றனர்.

இந்நகர் எழுந்த வரலாறு துயரமானது. அனுராதபுரத்தில் அரசாண்டவன் தாதுசேனன். அவன் மகன் காசியப்பன் தந்தையைக் கொல்வித்து அரியணை ஏறினான் என்று சூளவம்சம் கூறுகின்றது. முறைப்படி அரசுக்குரிய தம்பி மொகல்லானன் பாரதநாட்டுக்குத் தப்பி ஓடினான். தம்பி படையுடன் மீள்வான் என்ற அச்சம் காசியப்பனை விட்டு அகலவில்லை. ஆகவே, பழைய தலைநகரைத் துறந்து, காட்டின் நடுவே நின்ற இக்குன்றை நாடினான். கி.பி. 477 முதல் 495 வரை, பதினெட்டு ஆண்டுகளே அவன் ஆட்சி நிலைத்தது.

அச்சத்திற் பிறந்த நகராயினும், அதன் அமைப்பில் அவசரத்தின் சாயலே இல்லை. கிழக்கு மேற்காக ஏறக்குறைய 3 கிலோமீற்றரும், வடக்குத் தெற்காக 1 கிலோமீற்றரும் பரந்த நகர் அது. அகழிகளும் மதில்களும் அதனைச் சூழ்ந்தன. மேற்கு வாயிலிலிருந்து குன்றை நோக்கி நேராக ஒரு பாதை செல்கின்றது. அப்பாதையின் ஒரு பக்கத்தில் எவ்வடிவிற் குளம் உண்டோ, மறுபக்கத்திலும் அவ்வடிவிற் குளம் அமைய வேண்டும் என்பதே சிற்பிகள் வகுத்த விதி. நூல் பிடித்தாற்போல் அமைந்த இந்த நீர்ப்பூங்கா, ஆசியாவில் இன்று எஞ்சியுள்ள மிகப் பழைய பூங்காக்களுள் ஒன்றாகும்.

அங்குள்ள நீரூற்றுக்கள் எவ்வாறு இயங்கின என்று நேயர்கள் வினவலாம். இயந்திரம் எதுவும் இல்லை. நீர் தன் மட்டத்தைத் தேடும் என்ற எளிய உண்மையே அங்கு வேலை செய்கின்றது. மேட்டிலுள்ள நீர் நிலத்தடிக் கால்வாய்கள் வழியே பள்ளத்துக்கு வருகின்றது. வந்த நீர், துளையிட்ட வட்டமான சுண்ணக்கற் பலகையின் கீழ் நெருக்குண்டு மேலே பீறிடுகின்றது. மாரிகாலத்தில் அவ்வூற்றுக்கள் இன்றும் உயிர்பெறுகின்றன. பதினைந்து நூற்றாண்டுகளுக்கு முன் கல்லிலே துளையிட்ட கைகளின் கணக்கு இன்னும் தவறவில்லை.

நீர்ப்பூங்காவைக் கடந்தாற் காட்சி மாறுகின்றது. பெரும் பாறைகள் சிதறிக் கிடக்கும் இடத்தில் நேர்கோட்டை யாரும் வற்புறுத்தவில்லை. பாதைகள் பாறைகளினூடே வளைந்து செல்கின்றன. பாறைகளின் மேல் வெட்டப்பட்ட காடிகள், செங்கற் சுவர்களைத் தாங்குதற்கு அமைந்தவை. மழைநீர் உள்ளே வழியாதபடி விளிம்பு வெட்டிய குகைகளும் அங்குள. அவை காசியப்பனுக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே பௌத்த துறவிகள் உறைந்த இடங்கள். வந்த அரசன் இருந்ததை அழித்துவிடாது, அதனையுந் தன் நகருக்குள் இணைத்துக்கொண்டான்.

அதன்மேல் படியடுக்குப் பூங்கா; அதற்கும் மேலே பளபளக்கும் கண்ணாடிச் சுவர்; பின்னர் சிங்க வாயில். சிங்கத்தின் தலை என்றோ சரிந்துவிட்டது. செங்கல்லால் ஆன இரு பாதங்களே இன்று எஞ்சியுள்ளன. உச்சியிலே அரண்மனையின் அடித்தளங்களும், பாறையிற் குடைந்த குளமும் காணப்படுகின்றன.

இத்துணை அரண் இருந்தும், காசியப்பன் குன்றிலே காத்திராது சமவெளியில் இறங்கிப் போரிட்டான். சதுப்பு நிலத்தைத் தவிர்க்க அவன் யானையைத் திருப்பினான். மன்னன் புறங்காட்டினான் என்றெண்ணிய சேனை சிதறியது. அவன் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டான் என்பர். வென்ற மொகல்லானன் தலைநகரை மீண்டும் அனுராதபுரத்துக்கு மாற்றி, சீகிரியாவைத் துறவிகளிடம் ஒப்படைத்தான்.

பின்வந்த நூற்றாண்டுகளில் இவ்விடத்தைக் காணவந்தோர் கண்ணாடிச் சுவரிலே பாடல்களைப் பொறித்துச் சென்றனர். அவற்றுள் 685 பாடல்களைப் பேராசிரியர் பரணவிதான படித்து, 1956ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். ஆனால், காணவந்தோர் கை எப்பொழுதும் அன்புடையதாக இருந்ததில்லை. 1967ஆம் ஆண்டில் விஷமிகள் சிலர் ஓவியங்கள்மீது வர்ணத்தை அள்ளிப் பூசினர். அதனை நீக்கிச் சீர்செய்ய நிபுணர்கள் பெரிதும் உழைக்க நேர்ந்தது. இன்று அச்சுவரிற் பெயர் கீறுவது தண்டனைக்குரிய குற்றம்.

1982ஆம் ஆண்டில் யுனெஸ்கோ சீகிரியாவை உலக மரபுரிமைத் தலமாக ஏற்றது. எனினும் நகரின் பெரும்பகுதி இன்னும் மண்ணுக்குள்ளேயே உறங்குகின்றது. காவலுக்கென மதில் எழுப்பிய மன்னனை அம்மதில் காக்கவில்லை. அவன் விட்டுச்சென்ற நகரைக் காக்கும் பொறுப்போ இன்று நம்மிடம் உள்ளது. அடுத்த முறை அங்கு செல்லும்போது, குன்றை நிமிர்ந்து நோக்குமுன் சற்றே குனிந்து நம் காலடியையும் நோக்குவோமாக.