ஜான் டெய்லர் கம்பெனியும் பச்சூகா பந்தும்

எங்கள் தாத்தா வாலாஜாப்பேட்டைப் பக்கமிருந்து கோலார் தங்கவயலுக்குப் போய், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கியவர். அன்றைய வட ஆர்க்காட்டில் அங்கே ஆள் அனுப்பாத ஊர் குறைவு. மழை பொய்த்தால் ஜோலார்பேட்டை, பங்காருப்பேட்டை என்று ரயிலேறிவிடுவார்கள். 1880 முதல் அந்தச் சுரங்கங்களை நடத்தியது லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ். அவர் வாய்க்கு அது எப்போதும் ‘டெய்லர் கம்பெனி’தான்.

இதே டெய்லர் குடும்பத்தின் கை, மெக்சிகோவின் கால்பந்து வரலாற்றிலும் இருக்கிறது. ராணிப்பேட்டையில் டேனரி, ஷூ கம்பெனித் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு விளையாட்டு ஆசிரியராக இருந்தவன் நான். மெஸ்ஸி, ரொனால்டோ பெயரெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். ஆனால் இந்தக் கதையைத்தான் முதலில் சொல்லுவேன்.

1824ல் ஜான் டெய்லர், மெக்சிகோவின் பச்சூகா நகருக்கு மேலே மலையிலிருக்கும் ரியல் டெல் மோன்டே வெள்ளிச் சுரங்கங்களை எடுத்து நடத்தக் கம்பெனி தொடங்கினார். சுரங்கத்தில் நின்ற தண்ணீரை இறைக்க நீராவி இயந்திரம் வேண்டும். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான கார்ன்வாலிலிருந்து ஆட்களும், ஏறத்தாழ 1,500 டன் இரும்பும் கப்பலில் வந்தன. வேராகுருஸ் கரையில் மஞ்சள் காய்ச்சல் பலரை அங்கேயே வாரிக்கொண்டு போனது. மிஞ்சியவர்கள், சாலையென்று சொல்லத் தக்க ஒன்றும் இல்லாத மலையில் அந்த இரும்பை இழுத்து ஏற்றினார்கள். 1849ல் கம்பெனி கைமாறியது; கார்ன்வால்காரர்களோ போகவில்லை. சுரங்கத்துக்குள் கட்டிக்கொண்டு போன, இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்த ‘பாஸ்டி’யை இன்றும் அந்த ஊர்க் கடைகளில் ‘பாஸ்டே’ என்று விற்கிறார்கள், உள்ளே மிளகாய் சேர்த்து.

அவர்களுடைய பிள்ளைகளும் பின்னால் வந்த சுரங்கத் தொழிலாளர்களும் 1890களிலேயே பந்து உதைத்தார்கள். பச்சூகா கிளப் தன் பிறந்த ஆண்டாகச் சொல்வது 1901. அடுத்த ஆண்டே மெக்சிகோவின் முதல் லீக் போட்டியில் இறங்கிய 5 அணிகளில் அதுவும் ஒன்று. அந்த முதல் கோப்பையை வென்ற ஒரிசாபா அணி, சணல் ஆலையில் வேலை பார்த்த ஸ்காட்லாந்துக்காரர்களுடையது. பச்சூகாவுக்கு 1904-05ல் பட்டம் கிடைத்தது. சுமார் 2,400 மீட்டர் உயரத்து ஊர். காற்று மெல்லிசு, பந்து சீறிப் பறக்கும், பழகாதவனுக்கு மூச்சு வாங்கிவிடும். அங்கே ஓடி ஆடியவர்களின் நுரையீரலை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

அந்த கிளப்பைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்தது வேறு. சில ஆண்டுகளிலேயே உள்ளூர் மெக்சிகர்கள் அணிக்குள் வந்துவிட்டார்கள். புரட்சியும் முதல் உலகப் போரும் வெள்ளைக்காரர்களைக் கலைத்தன. 1920களில் கிளப்பும் கலைந்தது. ஆட்டம் மட்டும் உள்ளூர்க்காரன் காலில் தங்கிவிட்டது. பின்னால் மறுபடி எழுந்த அதே பச்சூகா, 2006ல் கோபா சுதமெரிக்கானாவை வென்றது. தென் அமெரிக்கச் சங்கத்தின் கோப்பையை வெளிக் கண்டத்து அணி ஒன்று தூக்கியது அதுவே முதல் தடவை. அணியின் செல்லப் பெயர் ‘துசோஸ்’, மண்ணைக் குடைந்து வளை தோண்டும் ஒரு பிராணி. சுரங்கத் தொழிலாளிக்கு அவர்கள் கொடுத்த மரியாதை அது.

தங்கவயலுக்கும் கார்ன்வால் ஆட்கள் வந்தார்கள், பந்தும் ஹாக்கி மட்டையும் வந்தன. ஆனால் துரைமார் கிளப் துரைமாருக்கு மட்டும். நம் ஆட்கள், ஷிஃப்ட் முடிந்து மண்ணும் வியர்வையுமாக ஏறி வந்தபின், லைன் வீடுகளுக்கு நடுவிலிருந்த காலி இடத்தில் ஆடினார்கள். 3 கிலோமீட்டருக்கும் ஆழமான, அனல் கக்கும் சுரங்கத்தில் 8 மணி நேரம் உழைத்தவனுக்கு அதற்குமேல் ஓடத் தெம்பு எங்கிருந்து வந்ததோ! 2001 பிப்ரவரி 28ல் சுரங்கங்கள் மூடப்பட்டன. தாத்தாவோடு ஆடியவர்களின் பெயர் எங்கள் வீட்டில் எந்தத் தாளிலும் இல்லை.

தங்கவயல் உறவுக்காரர் வீட்டுப் பெட்டிகளில் அணி போட்டோ ஏதாவது இருந்தால், வீட்டுப் பெரியவர்களை உட்காரவைத்து, யார் யார் என்று கேட்டுப் பின்பக்கம் பென்சிலால் எழுதிவையுங்கள். எந்தச் சுரங்கம், எந்த லைன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.