அரை டம்ளர் பாயசமும் அதன் பிறகான கால் மணி நேரமும்

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை முடிந்து நாலு மாதம். கல்யாணப் பந்தியில் ஆசைக்கு அரை டம்ளர் பாயசம் குடித்தீர்கள். கால் மணி நேரத்தில் நெஞ்சு படபடக்கிறது, குப்பென்று வியர்க்கிறது, வயிற்றைப் பிசைந்து பேதியாகிறது. 'ஆபரேஷனில் ஏதோ கோளாறு' என்று பயந்துவிடாதீர்கள். பெரும்பாலும் கோளாறு பாயசத்தில்தான்.

ஏன் இப்படி ஆகிறது?

இரைப்பை ஒரு கிடங்கு. சாப்பிட்டதைக் கூழாக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சிறுகுடலுக்கு விடும். இரைப்பை பைபாஸ் செய்தவர்களுக்கு மிஞ்சுவது சுமார் 30 மில்லி கொள்ளும் சின்னப் பை. அதன் கீழே கதவு கிடையாது, நேராகக் குடல். இனிப்பு மொத்தமாக அங்கே இறங்கியதும், குடல் உடம்பிலிருந்து தண்ணீரை இழுக்கிறது. இதற்கு டம்பிங் (உணவு குடலில் வேகமாகக் கொட்டுவதால் வரும் தொல்லை) என்று பெயர். ஸ்லீவ் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டியெடுப்பது) செய்தவர்களுக்கும் வரலாம்.

வந்துவிட்டால்?

அரை மணி நேரம் படுத்திருங்கள். அடங்கிவிடும்.

சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் கை நடுங்குகிறதே?

இது வேறு. இனிப்பைக் கண்டு இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்து, ரத்தச் சர்க்கரையைக் கீழே தள்ளிவிடுகிறது. வீட்டில் சோதிக்கும் கருவி இருந்தால் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் கொஞ்சம் குளுக்கோஸ், நடுக்கம் நின்றதும் ஒரு முட்டையோ சுண்டலோ. இனிப்போடு நிறுத்தினால் மறுபடி இறங்கும். அடிக்கடி வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர் அன்றைக்கே சொல்ல வேண்டும்.

வராமல் தடுக்க முடியாதா?

முடியும். இலை போட்டதுமே பக்கத்தில் தண்ணீர் வைத்துப் பழகியவர்கள் நாம். அதைத்தான் முதலில் விட வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் சேர்ந்தால் உணவு சீக்கிரம் கீழே வழுக்கிவிடும். சாப்பிட்டு அரை மணி கழித்துக் குடியுங்கள். 'ரசமும் தண்ணீர்தானா?' ஆமாம், தண்ணீர்தான். தனியாக, இடைவேளையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பிடும் வரிசையையும் தலைகீழாக்குங்கள். முட்டை, மீன், பனீர், கெட்டிப் பருப்பு முதலில், அடுத்து காய், வயிற்றில் இடமிருந்தால் சோறு. சின்ன ஸ்பூன், இருபது நிமிடம். ஜூஸ், சர்க்கரை போட்ட காபி, சத்துமாவுப் பானம் எல்லாம் பாயசத்தின் பங்காளிகள்தான்.

பால் குடித்தால் வயிறு உப்புகிறதா? தயிருக்கு மாறிப் பாருங்கள், பலருக்கு ஒத்துப்போகிறது. மலச்சிக்கலுக்குக் குறைந்த சாப்பாடு, குறைந்த தண்ணீர், இரும்புச்சத்து மாத்திரை மூன்றுமே காரணமாகலாம். நாள் முழுக்க வாய் வாயாக ஒன்றரை லிட்டராவது குடியுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வாந்தி எடுத்தால்?

காய்ந்த சப்பாத்தியோ மெல்லாத மட்டனோ சிக்கி, எப்போதாவது வந்தால் கவலை வேண்டாம். தினமும் வந்தால் அது சாதாரணமல்ல. உடம்பில் தயமின் (பி1 வைட்டமின்) தீர்ந்துபோகும். நடை தள்ளாடினால், பார்ப்பது இரண்டிரண்டாகத் தெரிந்தால், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் போட வேண்டும் என்பதால், அறுவை சிகிச்சை விவரத்தை முதலிலேயே சொல்லுங்கள்.

பைபாஸ் செய்தவருக்கு, வருஷங்கள் கழித்தும், வயிறு முறுக்கிப் பிடித்துக் கடுமையாக வலித்தால் காத்திருக்கக் கூடாது. குடல் உள்ளே சிக்கியிருக்கலாம். மலம் கறுத்துத் தார்போலப் போனாலும் காத்திருக்கக் கூடாது. மெடிக்கலில் வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபூபுரோஃபன் போன்ற வலி மாத்திரைகள் அந்தச் சின்னப் பையைப் புண்ணாக்கும்.

ராத்திரி ட்யூட்டி டாக்டருக்கு உங்கள் வயிற்றின் கதை தெரியாது. என்ன அறுவை சிகிச்சை, எந்தத் தேதி, எந்த மாத்திரை ஆகாது என்று ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.