இலையைச் சுருட்டும் செல்கள்

ஆர்.கே.பேட்டையில் கிணற்றை நம்பித்தான் என் நெல். கரண்ட் போய் மோட்டார் நின்றால் உச்சி வெயிலில் இலை உள்பக்கமாகச் சுருண்டுகொள்ளும். பயிர் தண்ணீரை மிச்சம் பிடிக்கிறது, அவ்வளவுதான்.

இலையின் மேல்புறம், நரம்புகளுக்கு நடுவே பெரிய செல்கள் வரிசையாக இருக்கின்றன. நீர் குறைந்தால் அவை பலூன்போலச் சுருங்க, இலையும் சுருளும். அவை எத்தனை, எவ்வளவு பெரிது என்பதை மரபணுக்கள் தீர்மானிக்கின்றன. ராக்5 என்ற மரபணு செயலிழந்த நெல்லில் இந்தச் செல்கள் பெருத்துப் பெருகி, இலை வெளிப்பக்கமாக மடிந்ததை 2011-இல் சீன விஞ்ஞானிகள் காட்டினார்கள். அளவாகச் சுருண்ட இலை நிமிர்ந்து நிற்கும். கீழ் இலைக்கும் வெயில் கிடைக்கும்.

இலை சுருளும் தன்மை மரபணுவில் இருப்பதால், விதை வாங்கும்போது மகசூலோடு வறட்சி தாங்குமா என்றும் கேளுங்கள். விடியற்காலையிலும் இலை சுருண்டே இருந்தால், உடனே தண்ணீர் பாய்ச்சுங்கள்.