குட்டி நாய்க்குப் பனியன் துணியா?

திருப்பூரில் நாய்க்குட்டி வளர்க்கும் சகோதரிகளுக்கு ஒரு சௌகரியம். குட்டி கடித்து விளையாடப் பொம்மை வாங்கக் கடைக்கு ஓட வேண்டாம். பனியன் கம்பெனியில் மிஞ்சிய வெட்டுத் துணியில் நாலு துண்டை முறுக்கி முடிச்சுப் போட்டால் ஆயிற்று. காலணாச் செலவில்லை! ஆனால் அபாயமும் அந்த முடிச்சில்தான் இருக்கிறது.

கடிப்பது குட்டியின் குற்றமல்ல. நாலாம் மாதவாக்கில் அதன் 28 பால் பற்கள் விழத் தொடங்கி, ஏழு மாதத்துக்குள் 42 பற்கள் முளைத்துவிடும். ஈறு குறுகுறுக்கும்போது அது வேறென்ன செய்யும், பாவம்!

பின்னல் துணியைக் கடித்தால் நூல் நூலாய்ப் பிரியும். விழுங்கிய நூலின் ஒரு முனை நாக்கடியிலோ இரைப்பையிலோ சிக்கிக்கொள்ள, மறுமுனை குடலுக்குள் இறங்கும். நாடாவை இழுத்தால் பாவாடை சுருங்குகிறதல்லவா? குடலும் அப்படியே சுருங்கும். நூல் அதை அறுத்துவிடவும் கூடும். எலாஸ்டிக்கும் இதே ஆபத்துத்தான். குட்டி வாந்தி எடுத்து, சோற்றைத் தொடாவிட்டால் உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள். பின்புறம் நூல் தொங்கினால், தயவு செய்து இழுக்காதீர்கள்!

பின் எதைத்தான் தருவது? வாய்க்குள் முழுதாய்ப் புகாத கெட்டி ரப்பர் பொம்மை நல்லது. கட்டை விரல் நகத்தை அழுத்தினால் சற்றே பதிய வேண்டும். பதியாதது பல்லை உடைக்கும். வெந்த எலும்பு சிம்பு சிம்பாய் உடையும், வேண்டவே வேண்டாம்.

துணிப் பொம்மைதான் என்றால், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் கொடுங்கள். பிரியத் தொடங்கியதும் குப்பைக்குப் போகட்டும். வீட்டிலேயே பிசிறு வெட்டும் வேலை செய்கிறீர்களா? தரையைப் பெருக்கிவிட்டுக் குட்டியை உள்ளே விடுங்கள்.