முதல் இரண்டு கதிர்கள்

கண்டியிலிருந்து மகியங்கனைக்கோ, தம்புள்ளை தாண்டி ஹபரணைக்கோ பஸ்ஸில் போன சகோதரிகளுக்கு அந்தப் பானைகள் தெரிந்திருக்கும். வீதியோரக் கொட்டிலில் ஆவி பறக்க அவித்த சோளங்கதிர்கள். அடுப்படியில் நிற்பது அநேகமாக ஒரு பெண்தான்.

அனுராதபுரம், மொனராகலை, அம்பாறை, பதுளை மாவட்டங்களில் சோளன் பெருமளவில் விளைகிறது. முற்றியதில் பெரும்பகுதி கோழித்தீனாகிவிடும். இளங்கதிர்தான் நாம் கடித்துச் சாப்பிடுவது. நுனி மயிர் பழுப்பாகி, மணியை நகத்தால் கீறினால் பால் வரவேண்டும். அதுதான் பதம்.

எமது பெண்கள் குழுவில் ஓர் அம்மா இருக்கிறார். 1990இல் மட்டக்களப்பு படுவான்கரையிலிருந்து இடம்பெயர்ந்தவர், கணவரை இழந்தவர். இப்போது கண்டிக்கு வெளியே சோளன் அவித்து விற்கிறார். வெளிமடல்களை உரித்துவிட்டு, உள்மடல் இரண்டு மூன்றை விட்டே உப்புத் தண்ணீரில் போடுவார். மணி காயாது, வாங்குபவருக்குக் கையும் சுடாது. ஊரில் சேனைக்காவலின்போது முழுக்கதிரை மடலோடு தண்ணீரில் நனைத்துத் தணலில் புதைப்பார்களாம். "அந்த வாசம் பானையில வராது மகள்" என்றார்.

பேரப்பிள்ளைகள் சாப்பிடுவார்களா என்று கேட்டேன்.

"விக்காம மிஞ்சினா குடுப்பன்."

இந்தப் பதிலைப் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன், முட்டைக்கும் பாலுக்கும் கூட. கதிரைப் பறித்ததுமே அதன் இனிப்பு மாச்சத்தாக மாறத் தொடங்குகிறது. அடுத்த நாள் அவிப்பதும், பின்னேரம் வரை பானையில் கிடப்பதும் ருசியில்லாதவை. அந்த மிச்சம்தான் பிள்ளைக்குப் போகிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. காலையில் பானையிலிருந்து முதலில் எடுக்கும் இரண்டு கதிர்களை வீட்டுக்கு ஒதுக்கி, விறகு, உப்பு போல அதையும் செலவுக் கணக்கில் எழுதச் சொன்னேன். அவர் சிரித்தார். மறுக்கவில்லை.

சோளனை மட்டும் உண்டால் போதாது என்பதையும் சொல்லவேண்டும். அதன் புரதம் குறைபாடுள்ளது. கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் தரும் திரிபோஷாவில் சோளத்தோடு சோயாவைச் சேர்ப்பது அதனால்தான். வீட்டில் அவித்த மணிகளை உதிர்த்து, அவித்த கௌபியோடு கலந்து, கடுகு, செத்தல் மிளகாய், வெங்காயம் தாளித்து, தேங்காய்ப்பூ தூவுங்கள். இரண்டு கதிர் நாலு பேருக்குக் காணும்.

சென்னை மெரினாவில் கதிரைக் கரி நெருப்பில் சுட்டு, வெட்டிய எலுமிச்சையை உப்பிலும் மிளகாய்த்தூளிலும் தொட்டுத் தேய்த்துத் தருவார்கள். சோளன் பிறந்த மெக்சிக்கோவிலும் தேசிக்காயும் மிளகாயும் உண்டு, மேலே சீஸும் தூவுவார்கள். சீஸ் நமக்குக் கட்டுப்படியாகாது. தேசிக்காய்ப் பாதியைக் குழுவில் செய்து பார்த்தோம். இளம்பெண்கள் இரண்டாவது கதிர் கேட்டார்கள். அம்மாவின் கொட்டிலில் இப்போது உப்பும் தூளும் கலந்த ஒரு சிரட்டை இருக்கிறது.

பல் இல்லாத பெரியவர்களுக்குப் பச்சைக்கதிரைக் கத்தியால் சீவி, அம்மியில் ஒன்றிரண்டாக அரைத்து, தேங்காய்ப்பாலில் கஞ்சியாகக் காய்ச்சலாம். உப்பைக் கடைசியில் போடுங்கள். அடிப்பிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருக்கவேண்டும்.